முசுக்கொட்டை தாங்கியது, புழு தாங்கவில்லை

கண்ணமங்கலத்தில் யாரைக் கேட்டாலும் பட்டு நெசவைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். பாவு, ஊடை, ஜரிகை, கூலி எல்லாம் வரும். ஆனா, "இந்த நூலுக்கான புழு தின்னது எந்த ஊர் இலை?"ன்னு கேட்டுப் பாருங்க. "நூல் பெங்களூர் பக்கத்துலேர்ந்து வருதுப்பா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நம்ம ஊரில் முசுக்கொட்டை, அதாவது மல்பெரி, வளராத செடி இல்லை. எங்க தெருவிலேயே இரண்டு வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. பழம் பழுத்தால் பிள்ளைகள் வாயெல்லாம் ஊதா நிறம். செடி இங்கே இருக்கிறது, தறியும் இங்கே இருக்கிறது. நடுவில் இருக்கவேண்டிய நூல் மட்டும் ஏன் மலைமேட்டுச் சீமையிலிருந்து இறங்கி வருகிறது? இதைத் தேடிப் போனபோது கையில் கிடைத்தது 200 ஆண்டுத் தோட்டக்கலை வரலாறு.

முதலில் செடி. முசுக்கொட்டை பல்லாண்டுப் பயிர். சீனா, ஜப்பான் போன்ற குளிர்நாடுகளில் அது பனிக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்கும், வசந்தத்தில் துளிர்க்கும். அங்கே இலை கிடைக்கும் காலம் குறைவு. நம் வெயிலில் அந்தத் தூக்கம் அதற்குத் தேவைப்படுவதில்லை. தண்ணீர் விட்டு, கவாத்து பண்ணிக்கொண்டே இருந்தால் வருடத்துக்கு 5 தடவை இலை எடுக்கலாம். விதைகூட வேண்டாம், 3 கணு உள்ள குச்சியை நட்டால் போதும். ஒரு தோட்டம் 15 வருடம் நிற்கும். வெயிலைத் தாங்கும் செடிதான் என்பதில் சந்தேகமே இல்லை.

இதைப் பார்த்துத்தான் ஒரு டாக்டர் ஆசைப்பட்டார். ஜேம்ஸ் ஆண்டர்சன், ஸ்காட்லாந்துக்காரர், சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவர். 1790 வாக்கில் சோழமண்டலக் கரையைப் பட்டு விளையும் நாடாக்கிவிடலாம் என்று நம்பினார். வங்காளத்திலிருந்து புழு முட்டைகள் வரவழைத்தார். தன் தோட்டத்தில் முசுக்கொட்டை வளர்த்து, மாகாணத்தின் பல ஊர்களில் இருந்த அதிகாரிகளுக்குக் குச்சிகளை அனுப்பினார். எழுதிய கடிதங்களை அச்சிட்டும் பரப்பினார். செடிகள் நன்றாகவே பிடித்தன. ஆனால் பட்டு ஒரு தொழிலாக நிலைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கம்பெனி அந்த முயற்சியைக் கைவிட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில் மேட்டுநிலத்தில் திப்பு சுல்தானும் இதே வேலையில் இறங்கினார். அவரும் வங்காளத்துக்கு ஆள் அனுப்பித்தான் புழு வாங்கினார். போர், ஆட்சி மாற்றம் எல்லாம் வந்து போன பிறகும் மைசூரில் பட்டு தங்கிவிட்டது. அங்கே நிலைத்த புழு இனத்துக்கே இன்றைக்கும் 'மைசூர்' என்றுதான் பெயர்.

ஒரே காலம், ஒரே மாதிரிப் புழு, ஒரே மாதிரிச் செடி. விலை, ஆள் பழக்கம், அரசின் பிடிவாதம் என்று வித்தியாசத்துக்குப் பல காரணம் சொல்லலாம். ஆனால் தட்பவெப்பத்தை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. மைசூர் கடல் மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கு மேல் இருக்கிறது, பெங்களூர் 900 மீட்டர். சென்னை கடலோரம்.

இப்போது புழுவைப் பாருங்கள். சுமார் 25 நாள் தின்னும், நடுவில் 4 தடவை தோலுரிக்கும். குட்டிப்புழுவுக்கு 27 டிகிரி வெப்பமும் நல்ல ஈரப்பதமும் பிடிக்கும். வளர்ந்த பிறகு அதற்கு 24, 25 டிகிரி போதும், காற்றோட்டமும் வேண்டும். மொத்த இலையில் 80 சதவீதத்துக்கு மேல் அது தின்பது கடைசிப் பருவத்தில்தான். அந்த நேரத்தில் வெயில் ஏறினால் நோய் விழும், கூடு மெலியும். நம்ம பக்கத்து வேலூரில் கத்திரி வெயில் 40ஐத் தாண்டுவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே! செடி அதைத் தாங்கும். புழு தாங்காது.

இன்னொரு சிக்கல் முட்டையில் இருக்கிறது. வருடத்துக்கு ஒரே தலைமுறை காணும் குளிர்நாட்டு இனங்களின் முட்டை, குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் பொரியும். குளிரே படாவிட்டால் தூங்கிக்கொண்டே இருக்கும். மைசூர் இனம் அப்படி இல்லை, அடுத்தடுத்துத் தலைமுறை காணும். ஆனால் அதன் நூல் நீளம் குறைவு. நல்ல நூல் தரும் புழுவுக்குக் குளிர் வேண்டும், வெயில் தாங்கும் புழு நூலைக் குறைத்துத் தரும். பட்டு ஆராய்ச்சிக்காரர்கள் நூறு வருடமாக மல்லுக்கட்டுவது இந்த முடிச்சோடுதான்.

ஆண்டர்சனின் இன்னொரு கனவையும் சொல்லிவிடுகிறேன். சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டம் போட்டு, சிவப்புச் சாயம் தரும் காக்சினீல் பூச்சியை வளர்க்கப் பார்த்தார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ மட்டமான காட்டு வகை. சாயம் சரியில்லை. ஆனா வெயில் அதுக்கு ஒத்துப்போச்சு! பின்னாளில் தென்னிந்தியாவில் ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியையே அது தின்று அழித்தது. வேண்டிய புழு நிலைக்கவில்லை, வேண்டாத பூச்சி நிலைத்தது.

சென்னை மாகாணத்துக்குப் பட்டு விளைந்த இடம் ஒன்று இருந்தது: கொள்ளேகால். கோயம்புத்தூர் மாவட்டத்துத் தாலுகா, மைசூரை ஒட்டிய மேட்டுநிலம். 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது அது மைசூர் மாநிலத்துக்குப் போய்விட்டது. தறிகள் காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் நம்ம ஊரிலும் நின்றன, இலை எல்லைக்கு அந்தப் பக்கம் போனது. நூல் விலை ஏறும்போதெல்லாம் முதலில் திணறுவது தறிக்காரர் வீடுதான். மாநில எல்லைக் கதையாக நாம் படிப்பது அவர்களுக்கு அடுப்புக் கதை.

அதற்குப் பிறகு நிலைமை மாறாமல் இல்லை. மைசூர் ஆராய்ச்சி நிலையம் 1997இல் வெளியிட்ட வி-1 ரகம், நல்ல பாசனத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 60 டன் வரை இலை தரும் என்கிறார்கள். ஓசூர், தருமபுரி மட்டுமில்லை, உடுமலைப்பேட்டைப் பக்கமும் இன்று வெண்கூடு விளைகிறது. இளம்புழுவைத் தனி மையத்தில் வளர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். கொட்டகையைச் சுற்றி நிழல்மரம், கூரைமேல் ஓலை, ஜன்னலில் ஈரச்சாக்கு. அதாவது மைசூரின் காற்றைக் கொட்டகைக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்கள்.

தோட்டம் போடுகிறவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு செடி நம்ம மண்ணில் உயிரோடு இருப்பது வேறு, அதன் வாழ்க்கைச் சுற்று முழுசா ஓடுவது வேறு. சமவெளியில் முட்டைக்கோஸ் உருண்டை கட்டும், ஆனால் குளிர் படாமல் பூத்து விதை தராது. அதனால்தான் வருடாவருடம் விதை வாங்குகிறோம். நர்சரியில் "இது நம்ம ஊர்ல வருமா?"ன்னு மட்டும் கேட்கிறோம். பூக்குமா, காய்க்குமா, அதை நம்பி இருக்கும் பூச்சிக்கு ஒத்துவருமா என்றும் கேட்க வேண்டும்.

கண்ணமங்கலத்துக்கு என்ன வழி? சித்திரை, வைகாசியை விட்டுவிடலாம். ஐப்பசி மழைக்குப் பிறகு மாசி வரை, ஜவ்வாதுமலை அடிவாரத்துக் காற்று இதமாக இருக்கும் மாதங்களில், நிழல் கொட்டகை போட்டு ஒன்றிரண்டு ஈடு எடுத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் பெங்களூர் நூல் நின்றுவிடாது. ஆனால் விலை பேசும்போது "எங்க ஊர்லயும் கூடு இருக்கு" என்று தறிக்காரர் சொல்ல முடியும். அதுவே பெரிய விஷயம்.