விளம்ப காலத்தின் புதிய வழி: கேண்டில்மாஸின் முதல் ஆல்பமும் டூம் மெட்டலின் திருப்பமும்

மெட்டல் இசை வேகத்தின் மீது பித்துக்கொண்டிருந்த ஆண்டு 1986. மெட்டாலிக்காவின் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ மார்ச்சிலும் ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’ அக்டோபரிலும் வெளிவந்தன. இடையே ஜூன் மாதம், ஸ்டாக்ஹோம் குழுவான கேண்டில்மாஸ் ‘எபிகஸ் டூமிகஸ் மெட்டாலிகஸ்’ என்ற தன் முதல் ஆல்பத்தைப் பிரான்சின் பிளாக் டிராகன் நிறுவனம் வழியே வெளியிட்டது. ஆறே பாடல்கள்; பெரும்பகுதி விளம்ப காலம். பிளாக் சபாத்தின் எதிரொலி என்று இதை ஒதுக்குவோர் உண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதியே முக்கியமானது.

டூம் மெட்டல் எனப்படும் இந்த மெதுநடை மெட்டலின் வேர், பிளாக் சபாத் தோன்றிய பர்மிங்ஹாமில் இருக்கிறது. சபாத்தின் கிதார் கலைஞர் டோனி ஐயோமி இடக்கைப் பழக்கமுள்ளவர். தந்தியை அழுத்தும் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளைத் தகட்டுத் தொழிற்சாலை விபத்தில் இழந்தார். காயம்பட்ட விரல்களுக்கு இதமாகத் தந்திகளைத் தளர்த்தியதில், 1971இன் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ பாடல்கள் பலவற்றில் சுருதி மூன்று அரைச்சுரம் கீழிறங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே, முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாடல் ஷட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் இடைப்பட்ட அந்த அமைதியற்ற தூரத்தின் மேல் எழுப்பப்பட்டிருந்தது. ஆயினும் சபாத்தின் அடித்தளம் ப்ளூஸ்தான். பில் வார்டின் டிரம்ஸில் ஜாஸின் அசைவும் உண்டு. விட்ச்ஃபைண்டர் ஜெனரல் (1982), டிரபிள், செயின்ட் வைட்டஸ் (1984), பென்டகிராம் (1985) ஆகியோரின் முதல் ஆல்பங்கள் இந்த மரபை அறுபடாமல் காத்தன. அவற்றிலும் எழுபதுகளின் ராக் வாசனை போகவில்லை.

பாஸ் கிதார் கலைஞரும் பாடலாசிரியருமான லீஃப் எட்லிங் அந்த ப்ளூஸ் சாயலைக் களைந்தார். கேண்டில்மாஸின் சாதனை அதுவே என்பது என் துணிபு. ஆல்பத்தின் ‘சாலிட்யூட்’ பாடல் மின்னிணைப்பில்லாத கிதாரின் சோக மெட்டோடு தொடங்குகிறது. பிறகு கனத்த கிதார்கள் நுழையும்போது ஒவ்வொரு சுரத்துக்கும் நீண்ட கார்வை கிடைக்கிறது. அதன்மேல் யோஹான் லாங்க்விஸ்ட் ஓபராவை நினைவூட்டும் முழுக்குரலில் பாடுகிறார். சாதாரண ராக் பாடகரின் கரகரப்பு இங்கே பொருந்தியிருக்காது. மெதுநடையில் குரலின் சிறு தளர்ச்சிகூட வெளியே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட குரலுக்குரியவர் குழுவின் உறுப்பினராகக்கூட இல்லை. ஒலிப்பதிவுக்கு மட்டும் வந்தவர் என்பது வியப்பளிக்கிறது.

விற்பனை மோசம். நிறுவனம் குழுவைக் கைவிட்டது. ஆனால் வழி திறந்துவிட்டது. புதிய பாடகர் மெசையா மார்கொலினுடன் 1987இல் வந்த ‘நைட்ஃபால்’ ஆல்பத்தில் ஷோபானின் சவ ஊர்வல இசையையே குழு மின் கிதாரில் வாசித்தது. எட்லிங்கின் நாட்டம் எத்திசையில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் சாலிட்யூட் ஈட்டர்னஸ் அதே காவியப் பாணியைத் தொடர்ந்தது. அக்குழுவின் பாடகர் ராபர்ட் லோ 2007இல் கேண்டில்மாஸுக்கே பாடகரானார்.

லாங்க்விஸ்ட் 2018இல் திரும்பிவந்தார். அடுத்த ஆண்டு வெளியான ‘தி டோர் டு டூம்’ ஆல்பத்தில் ஒரு பாடலுக்கு ஐயோமியே கிதார் வாசித்தார். அப்பாடல் கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

ஒப்பிட்டு ஆராய விரும்புவோர் ‘அண்டர் தி ஓக்’ பாடலிலிருந்து தொடங்கலாம். 1986இல் லாங்க்விஸ்ட் பாடியதை, 1989இன் ‘டேல்ஸ் ஆஃப் கிரியேஷன்’ ஆல்பத்தில் மார்கொலின் மறுபடி பாடியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள்.