பேரிங் தேயாத சக்கரம்: ஒரு குட்டி வரலாறு

காமர்ஸ் படிக்கிறவனுக்கு பேரிங்கோடு என்ன சோலி என்று கேட்காதீர்கள் நண்பர்களே. உராய்வு என்பது எந்தப் பேரேட்டிலும் எழுதாத நஷ்டம்! சைக்கிள் முதல் நம்ம முப்பந்தல் காற்றாலை வரை சுற்றுவதெல்லாம் பேரிங் மேல்தான். குண்டு தேயும், கிரீஸ் காயும், ஒருநாள் பேரிங் போகும்.

சக்கரத்தைக் காந்தத்தால் அந்தரத்தில் நிறுத்தினால் என்ன? 1842-லேயே சாமுவேல் எர்ன்ஷா என்ற ஆங்கிலேயர் கணக்குப் போட்டுக் குறுக்கே நின்றுவிட்டார். நிலைக்காந்தங்களை எப்படி அடுக்கினாலும், மிதக்கிற காந்தம் ஏதாவது ஒரு பக்கம் சரிந்துவிடும்.

வழி வேறு இடத்திலிருந்து வந்தது. 1911-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தை மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர வைத்தார். மின்தடை மாயமாக மறைந்தது. அதுதான் மீகடத்தி. மீகடத்தி காந்தப்புலத்தை வெளியே தள்ளும் என்று 1933-ல் மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டார்கள். ஆனால் அந்தக் குளிருக்குத் திரவ ஹீலியம் வேண்டும். செலவு தாங்காது.

1986-ல் சூரிச் ஐபிஎம் ஆய்வகத்தின் பெட்னோர்ஸ், முல்லர் இருவரும் பீங்கான் வகை மீகடத்தியைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடமே நோபல் பரிசு. அதே 1987-ல் வந்த இட்ரியம், பேரியம், தாமிர ஆக்சைடுக்கு மைனஸ் 180 டிகிரி போதும். மைனஸ் 196-ல் கொதிக்கும் விலை மலிவான திரவ நைட்ரஜனே அதைக் குளிர்விக்கும். கல்பாக்கத்திலும் பெங்களூரிலும்கூட இந்த ஆராய்ச்சி நடந்தது.

இந்தப் பீங்கானுக்குள் காந்தக் கோடுகள் கொஞ்சம் நுழைந்து, ஆணி அடித்த மாதிரி மாட்டிக்கொள்ளும். அதனால் மேலே மிதக்கும் காந்தம் விழாது, நகராது. ஆனால் தன் அச்சில் மட்டும் தாராளமாகச் சுற்றும். எர்ன்ஷா போட்ட தடை நிலைக்காந்தத்துக்குத்தான், மீகடத்திக்கு இல்லை!

2015-ல் ஜப்பானின் யமனாஷியில், சூரிய மின் நிலையத்தோடு இணைத்து 4 டன் சக்கரம் ஒன்றை இப்படி மிதக்கவிட்டுச் சோதித்தார்கள். மின்சாரத்தைச் சுழற்சியாகச் சேமிக்கிற ஃப்ளைவீல் அது. கொள்ளளவு 100 யூனிட், திறன் 300 கிலோவாட்.

இப்போது நம்ம கணக்குக்கு வருவோம். 100 யூனிட் என்பது தமிழ்நாட்டில் 2016-ல் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாக அறிவித்த மின்சாரம். முழுத்திறனில் எடுத்தால் 20 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆகவே ஆடிக் காற்றை மார்கழிக்குச் சேர்த்துவைக்க இது உதவாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று திடீரென்று ஏறி இறங்கும்போது மின்சாரத்தைச் சமன்செய்ய இது பொருத்தம்.

உராய்வில் மிச்சமாவது வரவு, குளிரவைக்க ஆவது செலவு. வரவு செலவைத் தாண்டும் இடத்தில்தான் இந்தச் சக்கரம் கடைக்கு வரும். விஞ்ஞானிகள் எர்ன்ஷாவைத் தாண்டப் பல வருடம் ஆனது. இந்தக் கணக்கைத் தாண்ட அவ்வளவு ஆகாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு?