தவணைக்குக் கொடுத்த சரக்கு: சிங்கப்பூர் வணிக வரலாற்றில் ஒரு பாடம்

பள்ளியில் முதல் தவணை, இரண்டாம் தவணை என்று நாம் அன்றாடம் வழங்குகிறோம். ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அச்சொல் பாடமும் தேர்வும் அடங்கிய ஒரு காலப்பகுதியைக் குறிக்கும். வணிகர்க்கோ அது கடனைத் தீர்ப்பதற்கு ஒப்புக்கொண்ட காலக்கெடு. விற்பவர் பணமாக அன்றிச் சரக்காகவே கொடுக்கும் கடன், வணிகத்தை எவ்வாறு வளர்த்தது, எவ்வாறு தளர்த்தியது என்பதை இச்சொல்லின் துணைகொண்டு இவ்வுரையில் நோக்குவோம்.

1819ஆம் ஆண்டுக்குப் பின் சிங்கப்பூர் சுங்கமில்லாத் துறைமுகமாக வளர்ந்தது. பிரிட்டனில் நெய்த துணி முதலிய சரக்குகள் இங்கிருந்த முகவர் நிறுவனங்களுக்கு வந்தன. 1821இல் தொடங்கிய குத்ரி, 1828இல் தொடங்கிய பூஸ்டெட் ஆகியவை அத்தகையன. சரக்கை வாங்கிச் சுற்றியுள்ள தீவுகளுக்கு விற்கும் ஆற்றல் சீன வணிகர்க்கு இருந்தது; சந்தையை அறிவர், பல மொழி பேசுவர். ஆனால் அவர்களுட் பலரிடம் கைம்முதல் இல்லை. நாணயப் புழக்கமும் போதவில்லை. ஆகவே முகவர்கள் சில மாதத் தவணைக்குச் சரக்கைக் கொடுத்தனர். வணிகர் அதனை விற்று, மிளகு, கம்பீர், ஈயம் போன்றவற்றைத் திரட்டிக் கடனை அடைத்தனர்.

அத்தவணைக்குப் பின்னால் பருவக்காற்று இருந்தது. சீனக் கப்பல்கள் வடகிழக்குப் பருவக்காற்றோடு வந்து, தென்மேற்குப் பருவக்காற்றோடு திரும்பின. பூகிஸ் மக்களின் படகுகளுக்கும் உரிய பருவம் உண்டு. போன படகு திரும்பினால்தான் பணம் வரும். காற்று மாறும் காலத்தை அறியாமல் தவணை குறித்தவர், வாராத பணத்திற்குக் காத்திருக்க நேர்ந்தது.

இம்முறையால் இருவர்க்கும் நன்மை விளைந்தது. வாங்குபவர் சிறிய முதலைக் கொண்டு பெரிய வணிகம் செய்தார். விற்பவரின் கிடங்கில் சரக்கு தேங்கவில்லை. ஆனால் கடனுக்கு விற்கும் விலையில் காத்திருப்பின் கூலியும் இடர்ப்பாட்டின் கூலியும் மறைந்திருந்தன. மேலும், ஏட்டில் விற்பனை பெருகினாலும் கையில் பணம் பெருகியதாகாது. வரவேண்டிய தொகை வரும்வரை விற்பவரின் முதல் பிறர் கடையில் முடங்கிக் கிடந்தது.

இவ்விடைவெளியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் பெரும்பங்கு ஆற்றினர். மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெட்டியும் ஒரு சிறு மேசையுமாக அமர்ந்து, வணிகர்க்குக் கடன் வழங்கியது. வட்டியை நடப்பு வட்டி, தவணை வட்டி என அவர்கள் வகுத்திருந்தனர். அன்றன்றைய சந்தைக்கு ஏற்ற வீதம் ஒன்று, காலக்கெடுவுக்கு உரிய வீதம் மற்றொன்று. காலத்திற்கும் விலையுண்டு என்பதை இவ்விரு சொற்களும் தெளிவாக உணர்த்துகின்றன. முதல் என்னும் தமிழ்ச்சொல்லே மலாய் மொழியில் மோடால் எனவும், கடை என்பது கெடாய் எனவும் வழங்குவது அவ்வணிக உறவின் பழமைக்குச் சான்று.

1864ஆம் ஆண்டில் சிங்கப்பூரை ஒரு வணிக நெருக்கடி தாக்கியது. சீன நிறுவனங்களும் ஐரோப்பிய நிறுவனங்களும் சில முறிந்தன. போட்டியின் காரணமாக வாங்குபவரின் நிலையை ஆராயாமலே கடன் கொடுக்கும் வழக்கம் அக்கால வணிகரிடையே நெடுநாட் கண்டனத்திற்கு உரியதாய் இருந்தது. ஒருவர் செலுத்தத் தவறினால், அவரை நம்பியவரும் செலுத்த இயலாது. அவரை நம்பிய மூன்றாமவரும் தடுமாறுவார். சரக்கு சென்ற வழியிலேயே நட்டமும் திரும்பி வந்தது.

பிற்காலத்தில் ரப்பர் தோட்டப் பகுதிகளின் மளிகைக் கடைகளிலும் இதே சங்கிலியைக் காண்கிறோம். மொத்த வணிகர் கடைக்காரர்க்கும், கடைக்காரர் பால்மரம் வெட்டுவோர்க்கும் கடன் கொடுத்தனர். 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு குறிப்பேட்டில் அரிசியும் பருப்பும் வரிவரியாக ஏறின. ரப்பர் விலை வீழ்ந்தபோது, அந்த ஏட்டின் கூட்டுத்தொகை தீராமல் நின்றது. கடையை மூடினால் கொடுத்தது போகும். திறந்து வைத்தால் மேலும் கொடுக்க வேண்டும். அக்கடைக்காரரின் இக்கட்டு எந்தப் பெரிய நிறுவனத்தின் இக்கட்டுக்கும் குறைந்ததன்று.

தமிழ்க் கணக்கில் ஒருவர் பெற்றுக்கொண்டதைப் பற்று என்கிறோம். அன்பையும் பிணைப்பையும் குறிக்கும் சொல்லும் அதுவே. கடன் கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரோடொருவர் பிணைக்கப்பட்டவர் என்பதை நம் மொழி அறிந்திருக்கிறது. அப்பிணைப்பு வாழ்வளிக்க வேண்டுமாயின், வாங்குபவரின் தொழில் எந்தக் காலத்தில் பணம் தரும் என்பதை அறிந்து தவணை குறித்தல் வேண்டும். குறித்ததை இருவரும் ஏட்டில் எழுதிக் காத்தல் வேண்டும். அடுத்த முறை வகுப்பறையில் தவணை என்னும் சொல் ஒலிக்கும்போது, காற்றுக்குக் காத்திருந்த அவ்வணிகரையும் மாணவர் நினைவுகூர்வாராக.