கைப்பட்டையும் இடுப்புச் சுற்றும்: புதுச்சேரியில் எடைக்குறைப்பைத் தொடங்குவது பற்றி ஓர் ஆய்வு

1. ஊரின் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை ஆய்வாளர்களோடு சேர்ந்து 2008 முதல் 2020 வரை நாடு முழுவதும் நடத்திய இண்டியாப் ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. அதன்படி, வயது வந்தோரில் உடல்பருமன் உள்ளவர்கள் நாட்டளவில் 28.6 சதவீதம், புதுச்சேரியில் 53.3. வயிற்றுப் பருமன் நாட்டளவில் 39.5 சதவீதம்; இங்கே 61.2. இரண்டிலும் புதுச்சேரிக்குத்தான் முதலிடம். சர்க்கரை நோயில் 26.4 சதவீதத்தோடு கோவா முன்னே நிற்க, 26.3 சதவீதத்தோடு நாம் அடுத்து நிற்கிறோம். பெரும்பகுதி நகரமாகவே உள்ள சிறிய பிரதேசத்தைக் கிராமங்கள் நிறைந்த மாநிலங்களோடு ஒப்பிடுவதில் சற்று நெருடல் உண்டு. அதைக் கழித்துப் பார்த்தாலும், பாதிப் பேருக்கு மேல் பருமன் என்பது அலட்சியம் செய்யக்கூடிய செய்தியல்ல.

இந்தப் பின்னணியில்தான் ஸ்மார்ட் வாட்சும் ஃபிட்னஸ் பேண்டும் ஊருக்குள் பரவியிருக்கின்றன. அவற்றை வாங்கிக் கட்டியதையே எடைக்குறைப்பின் தொடக்கமாக எண்ணுகிறவர்கள் ஏராளம். அந்த எண்ணம் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2. கருவி அளப்பதும் ஊகிப்பதும்

கைப்பட்டைக்குள் இருக்கும் முடுக்கமானி கையின் அசைவை உணர்ந்து காலடிகளைக் கணக்கிடுகிறது. அடியில் மினுங்கும் பச்சை ஒளி, தோலுக்குக் கீழே ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்து நாடித்துடிப்பைச் சொல்கிறது. இவை இரண்டும் அளவுகள். திரையில் மூன்றாவதாக வரும் கலோரி மட்டும் ஊகம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் நாடித்துடிப்பை ஏறக்குறைய 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன. கலோரியிலோ இருப்பதில் சிறந்த கருவியே 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம்.

காலடிக் கணக்கிலும் ஓட்டை உண்டு. குபேர் மார்க்கெட்டில் கட்டைப்பையில் காய்கறி நிரப்பிக்கொண்டு வெளியே வரும் பெண்மணியைக் கவனியுங்கள். பட்டை கட்டிய கையில்தான் பை தொங்கும். பாரத்தில் அந்தக் கை வீசுவதே இல்லை. அதனால் தெருக்கோடி வரை அவர் நடந்த நடையில் ஒரு பங்கு ஏட்டில் ஏறாமல் போகிறது. வளையலுக்கு இடம்விட்டுப் பட்டையைத் தளர்த்திக் கட்டியிருந்தால் நாடிக் கணக்கும் தடுமாறும். ஆகவே அடுத்த வீட்டாரின் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடுவது வீண். நம் சென்ற வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட்டால் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு.

3. சோதனைகள் காட்டுவது

அமெரிக்காவில் 471 இளைஞர்களை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்த சோதனையின் முடிவு 2016இல் வந்தது. எல்லோருக்கும் உணவுக் கட்டுப்பாடும் ஆலோசனையும் பொது. முதல் ஆறு மாதம் கழித்து ஒரு பிரிவுக்குக் கருவி கொடுத்தார்கள். மற்றப் பிரிவு தன் கணக்கைத் தானே பதிந்து வந்தது. கருவி கட்டியவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள், கட்டாதவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள். ‘இன்று நிறைய நடந்தாயிற்று’ என்ற நிறைவு தட்டில் கூடுதலாக விழுந்திருக்கலாம் என்பது ஒரு சந்தேகம்.

அதற்குக் கணக்கும் உண்டு. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி வேகநடை போட்டால் செலவாவது 120 முதல் 150 கலோரி. நடை முடிந்து ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட டீயும் உள்ளே போனால் அது திரும்பி வந்துவிடும். தவறாமல் நடந்து, சாப்பாட்டைக் கூட்டாமலே இருந்தாலும் மாதத்துக்கு அரை கிலோவை ஒட்டித்தான் இறங்கும்.

ஆனாலும் நடை வீணல்ல. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வே இதற்குச் சான்று. வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவு மாற்றமும் கைக்கொண்டவர்களில் 39.3 சதவீதம். வியப்பு என்னவென்றால், இவர்களுக்கு எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. தராசு மட்டும் தீர்ப்பு சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

4. தொடங்கும் முறை

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். பட்டையைக் கட்டிக்கொண்டு வழக்கம்போல இருந்து, அன்றாடச் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். தையல் டேப்பால் தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றையும் அளந்து எழுதுங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் இந்தியர்களுக்கான எல்லை. பிறகு வாரத்துக்கு 500 முதல் 1,000 காலடி வரை கூட்டிக்கொண்டு போகலாம். 10,000 என்ற இலக்கு 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து கிளம்பியது, மருத்துவ விதியல்ல. மூத்த பெண்களிடையே நடந்து 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 7,500 காலடிக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை.

நடக்க இடம் தேடி அலைய வேண்டாம். கடற்கரைச் சாலையில் மாலை முதல் காலை வரை வண்டிகளுக்குத் தடை. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்பினாலே ஏறக்குறைய 3,000 காலடி ஆகிவிடும். கலோரி எண்ணைத் திரையிலிருந்து நீக்கிவிடுவது நல்லது. இடுப்பை மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

5. எச்சரிக்கையும் வேண்டுகோளும்

இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் நடையைக் கூட்டி உணவைக் குறைக்குமுன் மருத்துவரிடம் மருந்தளவைப் பேசியாக வேண்டும். தாழ்சர்க்கரை மயக்கத்தைத் தடுக்கும் சக்தி எந்தப் பட்டைக்கும் கிடையாது.

ராமச்சந்திரன் குழுவினரே 2013இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்த 537 ஆண்களில் ஒரு பிரிவினருக்குக் கைப்பேசியில் அவரவர் நிலைக்கேற்ற குறுஞ்செய்திகள் மட்டும் அனுப்பிவந்தார்கள். இரண்டு ஆண்டில் அவர்களில் 18 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. மற்றவர்களில் 27 சதவீதம். நம் எண்ணைக் கேட்டு நமக்கென்று ஒரு சொல் சொல்ல ஆள் இருந்தால் பலன் உண்டு. புதுச்சேரி அரசின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் மாதத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்க வேண்டும். வருகிறவரின் இடுப்பை அளந்து, அவர் பட்டையில் பதிவான நான்கு வாரக் கணக்கைப் பார்த்து, அடுத்த மாதத்துக்கான இலக்கைச் செவிலியர் எழுதிக் கொடுக்கட்டும். அதற்கு ஒரு டேப்பும் ஒரு நோட்டும் போதும்.