குறிபார்த்துச் சுடுதலின் சமூகப் பின்னணி: கிறீட்மூர் போட்டி பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டு அரசியலுக்கு அப்பாற்பட்டது என்னும் கூற்றினை நாம் அடிக்கடி கேட்கின்றோம். நாடுகளின் பெயரால் அணிதிரண்டு றைபிள் சுடும் போட்டிகளின் ஆரம்ப வரலாறு இக்கூற்றைச் சோதித்தற்கு மிகவும் ஏற்றது. ஏனெனில் இங்கு விளையாட்டுக் கருவியே ஆயுதமாகும். 1908 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இவ்வணிப் போட்டி 'இராணுவ றைபிள்' என்றே வழங்கப்பட்டது. கருவியை யார் ஏந்தலாம் என்பதை மைதானத்துக்கு முன்னரே சட்டம் தீர்மானித்து விடுகின்றது.

மூன்றாம் நெப்போலியன் படையெடுக்கக்கூடும் என்ற அச்சத்தினால் 1859 இல் பிரித்தானியாவில் தொண்டர் படைகள் தோன்றின. ஆயுதத்தையும் சீருடையையும் உறுப்பினர் தம் செலவிலேயே தேடிக்கொள்ளல் வேண்டும் என்பது தொடக்க நிபந்தனை. உழைப்பாளரைப் பெயர்சுட்டாமலே வாயிலில் நிறுத்திய நிபந்தனை இது. இப்படையினரின் சுடுதிறனை வளர்க்க எழுந்த தேசிய றைபிள் சங்கம் 1860 இல் விம்பிள்டனில் முதற் போட்டியை நடத்தியது. தாங்கியிற் பொருத்திய றைபிளின் கயிற்றை இழுத்து முதல் வெடியைத் தீர்த்தவர் விக்ரோறியா மகாராணி. ஆனால் இத்தொண்டர் இயக்கம் அயர்லாந்துக்கு விரிவுபடுத்தப்படவில்லை. அந்நாட்டு மக்களின் கையிற் துப்பாக்கியைக் கொடுக்க ஆட்சியாளர் அஞ்சினர்.

அந்த அயர்லாந்தின் பெயரிலேயே ஓர் அணி 1873 இல் எல்கோ கேடயத்தை வென்று, அமெரிக்கருக்கு அறைகூவல் விடுத்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அணியினர் வசதிபடைத்த கனவான்கள்; குத்தகை விவசாயிக்கு அங்கு இடமிருக்கவில்லை.

1874 செப்டெம்பர் 26 இல் நியூயோர்க்கை அடுத்த கிறீட்மூரில், அணிக்கு அறுவராக, 800, 900, 1000 யார் தூரங்களிற் போட்டி நடைபெற்றது. குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இடும் பழைய முறைத் துப்பாக்கிகளை ஐரிஷ் அணி பயன்படுத்தியது. அவற்றைச் செய்த டப்ளின் உற்பத்தியாளர் ஜோன் றிக்பியே அணியில் நின்றார். அமெரிக்கரில் மூவர் றெமிங்ரன் கம்பனியினதும் மூவர் ஷார்ப்ஸ் கம்பனியினதும், பின்புறத்தே தோட்டா இடும் புதிய றைபிள்களை ஏந்தினர். தேசங்களின் போட்டி எனப்பட்டது, சந்தை தேடிய உற்பத்தி முறைகளின் போட்டியுமாகும். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. ஐரிஷ் வீரர் ஒருவர் தவறான இலக்கின் நடுப்புள்ளியைத் துளைத்தார். நான்கு புள்ளிகள் பெறவேண்டிய அவ்வெடி கணக்கிற் சேரவில்லை. கையில் காயத்துடன் போடைன் சுட்ட இறுதி வெடியையே வெகுசன வரலாறுகள் பாடிக்கொண்டிருக்கின்றன. மூன்று புள்ளி வேறுபாட்டில் வீரத்தையும் தற்செயலையும் பிரித்தறிவது எவ்வாறு என்று அவை கேட்பதில்லை!

அயர்லாந்தின் நிலை தனித்ததொன்றன்று. பிரித்தானியாவும் அதன் குடியேற்ற நாடுகளும் அணிகளாக மோதிய வெற்றிக் கிண்ணம் ஒன்று, 1871 முதல் கோல்ஹாப்பூர் மன்னரின் பெயரைத் தாங்கி நின்றது. இந்திய மன்னரின் பெயருக்குப் போட்டியில் இடமிருந்தது. ஆனால் 1878 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என விதித்து, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. 1887 இல் சென்னையிற் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் இச்சட்டத்தைத் திருத்துமாறு கோரியது. கோரியோரும் பெரும்பாலும் கற்ற, சொத்துடைய வர்க்கத்தினரே. தம் இராஜவிசுவாசத்தை முன்வைத்தே அவர்கள் அதனைக் கேட்டனர்.