போகிற சூடு, வருகிற காற்று

1816 செப்டம்பரில் ராபர்ட் ஸ்டர்லிங் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வயது 25. ஸ்காட்லாந்தின் கில்மார்னாக் ஊரில் போதகராகப் பொறுப்பேற்றதும் அதே ஆண்டுதான். விண்ணப்பத்தின் நீண்ட தலைப்பில் இரண்டு பொருள்கள் இருந்தன. முதலாவது, எரிபொருள் செலவைக் குறைக்கும் வழி. இரண்டாவது, முற்றிலும் புதிய முறையில் ஓடும் ஒரு எஞ்சின். உலகம் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு ஸ்டர்லிங் எஞ்சின் என்று பெயர் வைத்தது. இயற்பியல் பாடநூல்களில் அது இன்றும் இருக்கிறது. முதலாவதை அவர் ‘எகானமைசர்’ என்று அழைத்தார். பின்னால் வந்தவர்கள் ‘ரீஜெனரேட்டர்’ என்றார்கள். அவர் கையிலிருந்து உலகத்துக்கு உண்மையில் போய்ச் சேர்ந்தது இதுதான் என்பது என் எண்ணம். எஞ்சின் தோற்றுப்போனது. இந்தப் பொருள் உலைக்குப் போனது, கொதிகலனுக்குப் போனது, கடைசியில் வீட்டுச் சுவருக்குள்ளும் வந்து உட்கார்ந்தது.

அதற்குள் இருப்பது மிகவும் எளிய விஷயம். கம்பிவலை, மெல்லிய தகடு, செங்கல், பீங்கான் என்று காற்று புகுந்து போகக்கூடிய எதுவாகவும் இருக்கலாம். சூடான காற்று ஒரு முனையில் நுழைந்து மறு முனைக்குப் போகும்போது தன் சூட்டை வழியெங்கும் விட்டுச் செல்கிறது. பிறகு குளிர்ந்த காற்று எதிர்த்திசையில் வந்து, விட்டுச் சென்றதை எடுத்துக்கொள்கிறது. மார்கழிக் குளிரில் ஊட்டியில் மப்ளரால் வாயை மூடிக்கொண்டு நடப்பவருக்கு இது தெரியும். வெளிவிடும் மூச்சு கம்பளி இழைகளைச் சூடாக்குகிறது, உள்ளிழுக்கும் காற்று அந்தச் சூட்டோடு வருகிறது. பாலைவன ஒட்டகத்தின் மூக்கும் இதையே செய்வதை உயிரியலாளர் குனுட் ஷ்மிட்-நீல்சன் அளந்து காட்டினார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகம் இரவில் தன் உடல் சூட்டைவிடக் குளிர்ந்த மூச்சை வெளிவிடுகிறது. சூட்டோடு ஈரத்தையும் மூக்கின் சுருள் எலும்புகள் மேலிருக்கும் சவ்வு பிடித்து வைத்துக்கொள்கிறது.

‘எதிர்த்திசையில்’ என்ற இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனென்றால் நுட்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஒரு கல்லைச் சூடாக்கிவிட்டு, அதே எடையும் அதே இயல்பும் உள்ள குளிர்ந்த கல்லோடு ஒட்டி வைத்தால், இரண்டும் நடுவில் ஒரு வெப்பநிலைக்கு வந்து நின்றுவிடும். பாதிச் சூட்டுக்கு மேல் கைமாறாது. ரீஜெனரேட்டரில் அப்படி நடப்பதில்லை. அதன் ஒரு முனை எப்போதும் சூடாகவே இருக்கிறது, மறு முனை எப்போதும் குளிர்ந்தே இருக்கிறது, நடுவில் படிப்படியாகச் சரிவு. உள்ளே வரும் காற்று ஒவ்வொரு அடுக்கிலும் தன்னைவிடச் சற்றே சூடான பரப்பைச் சந்தித்துக்கொண்டே போகிறது. அதனால் பாதி என்ற வரம்பைத் தாண்டி 80, 90 விழுக்காடு வரை சூட்டை மீட்க முடிகிறது. வெப்ப இயக்கவியல் பிறக்காத காலத்தில் ஸ்டர்லிங் இதைக் கண்டுகொண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. கண்ணாடி உலை, சாயப்பட்டறை, மது வடிக்கும் ஆலை ஆகியவற்றிலும் இது பயன்படும் என்று அவர் அந்த விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார்.

எஞ்சினின் கதை துயரமானது. 1818இல் அயர்ஷயரில் ஒரு கல்குவாரியில் தண்ணீர் இறைத்தது. 1840களில் தம்பி ஜேம்ஸ் டண்டீ நகரத்து வார்ப்பாலை ஒன்றில் பெரிய எஞ்சினை ஓட்டினார். அது சில ஆண்டுகள் உழைத்தது. ஆனால் எப்போதும் நெருப்பில் காயும் உருளையின் இரும்பு அந்தச் சூட்டைத் தாங்காமல் மீண்டும் மீண்டும் பழுதானது. 1847இல் கைவிட்டார்கள். 1876இல், இறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, முதியவர் ஸ்டர்லிங் ஒரு கடிதத்தில் வருந்தினார். பின்னால் வந்த பெஸ்ஸமர் முறை எஃகு முப்பத்தைந்து நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தால் காற்று எஞ்சின் வென்றிருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

நடுவில் ஒரு பெரிய மயக்கமும் வந்து போனது. ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜான் எரிக்சன், 14 அடி விட்டமுள்ள உருளைகள் நான்கைக் கொண்ட ஒரு காற்று எஞ்சினைக் கப்பலில் பொருத்தி 1853இல் வெள்ளோட்டம் விட்டார். அதில் கம்பிவலை ரீஜெனரேட்டர் இருந்தது. வெப்பம் அழியாத ஒரு பாய்மம், அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டே இருக்கலாம் என்று பலர் நம்பிய காலம் அது. ரீஜெனரேட்டர் வேலையை உண்டாக்காது, வீணாவதைத்தான் தடுக்கும் என்பதை இயற்பியலாளர்கள் ஜூலும் வில்லியம் தாம்சனும் வளர்த்த வெப்ப இயக்கவியல் விளக்கியது. எரிக்சன் கப்பலில் பிறகு நீராவி எஞ்சின் வைக்கப்பட்டது.

ரீஜெனரேட்டருக்கு உண்மையான வீடு கிடைத்தது உலையில். பொறியாளர் வில்லியம் சீமென்ஸ் ரீஜெனரேட்டரை நீராவி எஞ்சினில் வைத்துப் பார்த்துப் பல ஆண்டுகளையும் பணத்தையும் இழந்திருந்தார். அதை உலைக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணம் அவர் தம்பி ஃபிரெடரிக்குக்கு வந்தது. 1856இல் காப்புரிமை. உலையில் ஏன் அது அவ்வளவு பொருந்தியது? எஃகையோ கண்ணாடியையோ உருக்கும் உலைக்குள் 1500 பாகை செல்சியஸ் வேண்டுமென்றால், அங்கிருந்து கிளம்பும் புகை அதைவிடக் குறைந்த சூட்டோடு வெளியேற முடியாது. ஆகவே நிலக்கரியின் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சீமென்ஸ் சகோதரர்கள் உலைக்குக் கீழே செங்கல் அறைகளைக் கட்டினார்கள். செங்கற்களை இடைவெளி விட்டுச் சதுரங்கக் கட்டம் போல அடுக்கினார்கள். புகை ஒரு பக்கத்து அறைகள் வழியாக இறங்கிச் செங்கலைச் செந்நிறமாக்கும். ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை வால்வைத் திருப்புவார்கள். இப்போது எரிவாயுவும் காற்றும் அந்தச் செங்கல் வழியாக ஏறி, ஆயிரம் பாகை அளவில் சூடேறி உலைக்குள் நுழையும். ஏற்கெனவே சூடான காற்றில் எரிவதால் சுடரின் சூடு இன்னும் கூடும். எரிபொருளை மிச்சப்படுத்த வந்த கருவி, அதுவரை எட்ட முடியாத வெப்பநிலையையும் கையில் கொடுத்தது.

1862 ஜூன் 20 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே இந்த உலையைப் பற்றிப் பேசினார். அவருக்கு அப்போது 70 வயது, நினைவாற்றல் தளர்ந்திருந்தது. பல்லாண்டுகளாக அவர் நிகழ்த்திவந்த வெள்ளிக்கிழமை மாலை உரைகளில் அதுவே கடைசி. மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர் விடைபெறும் மேடையில் எடுத்துக்கொண்ட பொருள், செங்கல்லில் சூட்டைச் சேமிக்கும் ஓர் உலை.

அடுத்த மூன்றாண்டுகளில் பிரான்ஸில் பியர்-எமில் மார்ட்டின் அதே உலையில் வார்ப்பிரும்பையும் பழைய இரும்பையும் சேர்த்து உருக்கி எஃகு செய்தார். திறந்த உலை முறை என்று அது உலகெங்கும் பரவியது. 1912இல் ஜாம்ஷெட்பூரில் டாடா ஆலை தன் முதல் எஃகை எடுத்ததும் இந்த வகை உலையில்தான். நல்ல எஃகு இல்லாததால் ஸ்டர்லிங்கின் எஞ்சின் செத்தது. அவருடைய எகானமைசர் நல்ல எஃகை டன் கணக்கில் உருக்கிக்கொண்டிருந்தபோது அவர் அந்த வருத்தக் கடிதத்தை எழுதினார்.

ஊதுலைக்கு இதைக் கொண்டுபோனவர் எட்வர்ட் ஆல்ஃபிரட் கௌப்பர். 1857இல் அவர் வடிவமைத்த அடுப்பு அடிப்படையில் இன்றும் மாறவில்லை. எந்த இரும்பாலையின் படத்தைப் பார்த்தாலும் ஊதுலைக்குப் பக்கத்தில் குவிந்த தலையோடு மூன்று நான்கு உயரமான உருளைகள் நிற்கும். அவை கௌப்பர் அடுப்புகள். ஊதுலையின் வாயுவை எரித்து ஒன்று சூடேறிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று ஆயிரம் பாகைக்கு மேல் காற்றைச் சூடாக்கி உலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதுவரை பொருள் நின்ற இடத்தில் நின்றது, காற்றுதான் திசை மாறியது. 1920இல் ஸ்வீடனில் ஃபிரெட்ரிக் லுங்ஸ்ட்ரோம் அதைத் தலைகீழாக்கினார். காற்றும் புகையும் தத்தம் வழியிலேயே நிற்காமல் ஓடட்டும், பொருள் சுழலட்டும் என்றார். நெளிதகடுகள் நிறைந்த ஒரு பெரிய சக்கரம் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை மெதுவாகச் சுற்றும். ஒரு பாதி புகைப் பாதையில், மறு பாதி காற்றுப் பாதையில். புகையில் சூடான தகடு சுழன்று காற்றுக்குள் வந்து அதைக் கொட்டிவிட்டுத் திரும்பும். அனல் மின் நிலைய ஊழியர்கள் ‘ஏ.பி.எச்.’ என்று சொல்லும் ஏர் ப்ரீஹீட்டர் இதுதான். கொதிகலனிலிருந்து ஏறத்தாழ 350 பாகையில் வரும் புகை இதைக் கடந்து 140 பாகை அளவில் வெளியேறும். புகையின் வெப்பநிலையை ஒவ்வொரு 22 பாகை குறைக்கும்போதும் கொதிகலனின் திறன் ஏறக்குறைய ஒரு விழுக்காடு கூடும் என்பது நம் பொறியாளர்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் அளவு. ராணிப்பேட்டையில் உள்ள பெல் ஆலை இந்த ப்ரீஹீட்டர்களைச் செய்து நாட்டின் மின் நிலையங்களுக்கு அனுப்புகிறது.

சக்கரத்துக்குத் தொல்லைகளும் உண்டு. காற்றுப் பக்கத்தில் அழுத்தம் அதிகம், புகைப் பக்கத்தில் குறைவு. சுழலும் சக்கரத்தின் ஓரங்களில் எவ்வளவு சீல் வைத்தாலும் காற்று புகைக்குள் ஒழுகும். தகட்டை மிகவும் குளிரவிட்டால் புகையிலுள்ள கந்தகம் அமிலமாகப் படிந்து அரித்துவிடும். அதனால் குளிர் முனைத் தகடுகளுக்கு எனாமல் பூசுகிறார்கள். சாம்பல் அடைக்காமலிருக்க அவ்வப்போது நீராவி அடித்துத் துடைக்கிறார்கள்.

1973இன் எண்ணெய் நெருக்கடி வீடுகளின் பக்கம் பார்வையைத் திருப்பியது. கனடாவின் ரெஜைனா நகரில் 1977இல் ஹெரால்ட் ஓர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு வீடு கட்டினார்கள், சாஸ்காட்செவான் கன்சர்வேஷன் ஹவுஸ் என்று பெயர். மைனஸ் 30 பாகைக்கும் கீழே போகும் குளிர்காலம். அவர்கள் சுவரைத் தடிமனாக்கி, காற்றுக் கசியும் சந்துகளை எல்லாம் அடைத்தார்கள். அடைத்த வீட்டில் ஈரமும் மூச்சும் சமையல் மணமும் தேங்கும். சன்னலைத் திறந்தால் சூடு போய்விடும். ஆகவே உள்ளேயிருந்து போகும் பழைய காற்றின் சூட்டை உள்ளே வரும் புதிய காற்றுக்கு மாற்றும் பெட்டி ஒன்றைக் கைவேலையாகச் செய்து வைத்தார்கள். அது ஸ்டர்லிங்கின் வகை அல்ல. இரண்டு காற்றும் ஒரே நேரத்தில் மெல்லிய தாள் சுவரின் இருபுறமும் ஓடும் வகை. ஆனால் அது குளிரில் உறையும். போகும் காற்றின் ஈரம் உள்ளே பனிக்கட்டியாகிப் பாதையை அடைக்கும். ரீஜெனரேட்டர் இங்கே தன் பழைய குணத்தால் மீண்டும் உள்ளே வந்தது. வெளியேறும் காற்று அதன் மேல் விட்ட ஈரத்தை அடுத்த சுற்றில் உள்ளே வரும் காற்று எடுத்துக்கொண்டுவிடும். அதனால் பனி தேங்குவது குறைவு, தண்ணீரை வடிக்கத் தனிக் குழாயும் பெரும்பாலும் வேண்டாம்.

ஐரோப்பாவில் இப்போது சுவரில் பதிக்கும் வகை ஒன்று பரவியிருக்கிறது. ஒரு சாண் விட்டமுள்ள குழாய், உள்ளே தேன்கூட்டுத் துளைகள் கொண்ட பீங்கான் உருளை, அதன் முனையில் ஒரு சிறு விசிறி. ஒரு நிமிடம் காற்றை வெளியே தள்ளும், பிறகு திசை மாறி ஒரு நிமிடம் உள்ளே இழுக்கும். அறையின் இன்னொரு சுவரிலிருக்கும் ஜோடி இதற்கு எதிராக ஓடும். ஒருவருக்குத் தேவையான புதிய காற்று மணிக்கு 30 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டு வடிவமைப்பவரின் கணக்கைப் போடலாம். அது நொடிக்கு 10 கிராம். ஒரு நிமிடத்தில் ஓடும் காற்றைப் போல ஐந்து மடங்கு வெப்பக் கொள்ளளவு பீங்கானுக்கு இருந்தால்தான் அதன் வெப்பநிலை சுற்றுக்குச் சுற்று அதிகம் தடுமாறாது. அதற்கு மூன்றரை கிலோ அளவில் பீங்கான் வேண்டும். துளை பெரிதானால் சூடு மாறாது, சிறிதானால் விசிறியால் தள்ள முடியாது. மீட்பை 80 விழுக்காட்டிலிருந்து 90க்கு உயர்த்தப் பரப்பை இரண்டே கால் மடங்காக்க வேண்டும். கடைசிப் பத்து விழுக்காடு அவ்வளவு விலை கேட்கும். விசிறி சிறியதானதால் பலத்த காற்று சுவரில் மோதும் நாளில் சமநிலை கெடும் என்பதையும் விற்பவர்கள் சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை.

நம் கடற்கரைக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? வெளியே 35 பாகை, குளிரூட்டிய அறைக்குள் 24. அதே 30 கன மீட்டர் காற்றின் சூட்டை நீக்க 110 வாட் போதும். ஆனால் ஈரம் நிறைந்த நாளில் அந்தக் காற்றோடு உள்ளே வரும் நீராவியை வடிக்க ஏறத்தாழ 300 வாட் வேண்டும். நம் ஊரில் பெரிய சுமை ஈரம்தான். வெறும் பீங்கானோ அலுமினியமோ இதில் அதிகம் உதவாது. சிலிகா ஜெல் போன்ற ஈரம் உறிஞ்சும் பூச்சு கொண்ட சக்கரம் வேண்டும். அது வெளிக்காற்றின் ஈரத்தை வாங்கி, வெளியேறும் வறண்ட காற்றில் விட்டுவிடும். பெரிய அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் மேல்தளத்தில் இப்படிப்பட்ட சக்கரங்கள் சுற்றுகின்றன. அறுவை அரங்கு போன்ற இடங்களில் பழைய காற்றின் துளிகூடத் திரும்பக் கூடாது என்பதால், தகடு புதிய காற்றுப் பக்கம் போகுமுன் அதைக் கழுவிவிட ஒரு சிறு பகுதியை ஒதுக்குவதும் உண்டு, சக்கரத்தையே தவிர்ப்பதும் உண்டு.

என் கவலை வகுப்பறைகளைப் பற்றியது. சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. கதவு சன்னலை மூடிக்கொண்டு நாற்பது பிள்ளைகள் மணிக்கணக்கில் ஒரே காற்றைச் சுவாசிக்கிறார்கள். ஈரம் வாங்கும் சக்கரம் அந்த அறை அளவுக்கு, பள்ளி வாங்கக்கூடிய விலையில், ஆயா ஒருவர் மாதம் ஒருமுறை கழற்றித் தூசி தட்டக்கூடிய வடிவில் வர வேண்டும். ராணிப்பேட்டையில் பல மீட்டர் விட்டமுள்ள சக்கரங்களைச் செய்யும் கைகள் இருக்கும் மாநிலத்தில், ஒரு மீட்டர்கூட இல்லாத ஒன்றைச் செய்வது எட்டாத வேலையல்ல.