இரண்டாவது திகதி

பிக்கரிங்கில் கடைத்திருட்டுக் குற்றச்சாட்டில் பிடிபட்டு அன்றே விடப்படுபவரின் கையில் பொலிஸ் கொடுக்கும் தாளில், பெரும்பாலும் இரண்டு திகதிகள் இருக்கும். ஒன்று ஓஷாவா நீதிமன்றத்துக்கு. மற்றது விரலடையாளம் கொடுக்க. நம்மவர்கள் முதலாவதை நாட்காட்டியில் குறித்துவைப்பார்கள். இரண்டாவதை வெறும் சம்பிரதாயமென்று விட்டுவிடுவார்கள். மொழிபெயர்க்கப் போன இடங்களில் நான் கண்ட பிடியாணைகள் பல இப்படிப் பிறந்தவை.

அந்த இரண்டாவது திகதியின் பூர்வீகம் வங்காளம். 1858இல் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தகாரரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதிப்பித்தார். பின்னாளில் ஆள் மறுக்கக்கூடாதாம்! 1897இல் கல்கத்தாவில் விரலடையாளப் பணியகம் திறந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கில் உழைத்தவர்கள் அஸிஸுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும். பெயர் நின்றதோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்கு.

கனடா 1898இல் குற்றவாளிகளை அடையாளம் காணும் சட்டத்தை இயற்றியபோது அதன் மனதில் இருந்தது பாரிஸின் பெர்த்தியோன் முறை: தலை, கை, கால் அளவுகள். 1904இல் சென் லூயிஸ் உலகக் கண்காட்சியில் ஸ்கொட்லன்ட் யார்ட்காரர் ஒருவரிடம் ரேகைக் கலையைக் கண்டு மயங்கியவர் எட்வர்ட் பொஸ்ரர் என்ற கனடியப் பொலிஸ்காரர். 1908இல் அரசு அனுமதித்தது; 1911இல் ஒட்டாவாவில் தேசியப் பணியகம் வந்தது.

சட்டத்தின் பெயரில் 'குற்றவாளிகள்' என்றிருந்தாலும், தீர்ப்புக்கு முன்பே, குற்றம் சாட்டப்பட்டதுமே விரல் கேட்கிறது. சின்னத் திருட்டும் ஆரம்பத்தில் பாரிய குற்றமாகவே எண்ணப்படுவதால் அதுவும் தப்பாது.

எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் அந்தத் திகதியைத் தவறவிட்டு வீடு மாறினார். கனடியப் பிடியாணைக்கு வயதாவதில்லை, நிறைவேற்றும்வரை உயிரோடிருக்கும். குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்வரை குடியுரிமையும் கிடையாது. விண்ணப்பித்தபோதுதான் அவருக்கு அது தெரிந்தது. அதற்குள் திருட்டோடு 'வராமல் விட்டது' என்ற தனிக் குற்றமும் சேர்ந்திருந்தது. திருட்டு வழக்கு கைவிடப்பட்டாலும் அது தானாகப் போகாது.

"பொலிசுக்கு நானே போறதோ? ஊரிலை போனவை திரும்பி வந்தவையோ, தம்பி?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கவில்லை. வழக்கறிஞர் முன்கூட்டியே பேசி நாள் குறித்தார். அண்ணை போனார், மாலைக்குள் புதிய நீதிமன்றத் திகதியோடு வெளியே விட்டார்கள். மை இல்லை. கண்ணாடித் தட்டில் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்தாராம்.